பாப்பா போயாச்சு

மணி அடிக்கவில்லை என்ற செய்தி வந்தபோது அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த அலுவலகத்துக் குழாய் ஒன்று சொட்டும், இல்லாவிட்டால் பீறிட்டுச் சட்டையை நனைக்கும். நடுவில் ஒரு நிலை உண்டென்பதே அதற்குத் தெரியாது. ஈரக் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் மேலாளர் சொன்னதைக் கேட்டாள். மேலாளர் கத்தவில்லை. கத்துகிற ரகமாக இருந்திருந்தால் இத்தனை பயம் இருந்திருக்காது. அந்த அம்மாளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். இன்றைக்கு "தயவுசெய்து" வரைக்கும் வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஊருக்கெல்லாம் ஆம்புலன்ஸ் அனுப்புகிற அழைப்பு அறை ஒன்று அவர்களுடைய வாடிக்கையாளர். அங்கே இருக்கிற கணினிகள் எப்போதோ ஓய்வு பெற்றிருக்க வேண்டியவை. புது மென்பொருள் எதையும் அவை வாங்கிக்கொள்ளாது. அதனால் மூலநிரலை எடுத்து, அந்தக் கிழட்டு இயந்திரங்களுக்குச் செரிக்கிற மாதிரி இங்கேயே கட்டி, பேக்கேஜாக்கி அனுப்புவது இந்த நிறுவனத்தின் வேலை, அதாவது அவளுடைய வேலை. பழைய பேக்கேஜில் ஒரு கோளாறு இருந்தது. வீட்டு எண்ணின் கடைசி இலக்கத்தை அது சில சமயம் விழுங்கிவிடும். நூற்றுப் பன்னிரண்டாம் எண் வீட்டுக்குப் போக வேண்டிய வண்டி, போன வாரம் பதினொன்றாம் எண் வாசலில் போய் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதைத் திருத்தி இன்று முற்பகல் அவள் புதுசு அனுப்பினாள். ஒரு மேசையில் மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள். எண் சரியாக வந்தது. ஆனால் அழைப்பு வரும்போது அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. திரையில் விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எரிந்திருக்கிறது. அந்த மேசைக்காரி எதையோ எழுதக் குனிந்திருந்தாள். பக்கத்து மேசைக்காரிதான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்துவிட்டு எட்டி எடுத்தாளாம். யாரோ ஒரு வயசானவர், மனைவி குளியலறையில் விழுந்துவிட்டதாக. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அந்த மனுஷர் காத்திருந்தார் என்று மேலாளரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் மாறுவதற்குள் சரியான பேக்கேஜ் வேண்டும் என்றார் மேலாளர். பழையதைப் போட்டால் வண்டி தப்பான வாசலுக்குப் போகும், புதியதைப் போட்டால் வண்டியே கிளம்பாது, எதைப் போடச் சொல்கிறீர்கள், தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நிரந்தரமாக்குவதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்று வந்துகொண்டிருந்த பதில் இனி எப்படி வரும் என்பதை அவள் யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள். ஆனால் அதைவிட அந்த வயசானவர்தான் கண்ணுக்குள் நின்றார். குளியலறை வாசலில் ஈரத் தரையில் நின்றுகொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாராவது எடுப்பார்கள் என்று நிற்கிறார். டப்பாவை மூடாமலேயே இருக்கைக்கு வந்தாள்.

அவளுடைய பயத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது, அது அவளுக்கு மட்டுமே தெரியும். மூன்று வாரமாகவே பில்ட், அதாவது பேக்கேஜைக் கட்டுகிற ஓட்டம், ஒழுங்காக இல்லை. முதல் தடவை ஓட்டினால் பாதியில் எதையாவது சொல்லி நின்றுவிடும்: இது பொருந்தவில்லை, அதைக் காணோம், இதை ஏற்கெனவே யாரோ வைத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை ஓட்டினால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடி முடிந்துவிடும். ஏன் என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள வியாதிதான், மறுபடி ஓட்டிச் சரியாகிவிட்டால் அதன்மேல் கேள்வி கேட்கத் தோன்றாது. தன் கைராசியே அப்படி என்று நினைத்துக்கொண்டு, முதல் ஓட்டத்தை ஒரு சடங்கு மாதிரி ஓட்டிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு முற்பகல் முதல் தடவையே ஓடிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. அதுவும் வழக்கத்தைவிடச் சீக்கிரம். சந்தோஷத்தில் அதை அப்படியே அனுப்பிவிட்டாள்.

இப்போது அந்தச் "சீக்கிரம்" நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டால்தானே சீக்கிரம் முடியும்.

கட்டுகிற சர்வர் ஒன்றுதான், எல்லாருக்கும் பொது. அதில் எல்லாரும் ஒரே கணக்கில்தான் நுழைவார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டுப் போனவர் இப்போது இங்கே இல்லை. கவிஞர் என்று கேலியாகக் கூப்பிடுவார்களாம், அவள் வந்து சேருவதற்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். பேருக்கேற்ற மாதிரி அவர் எழுதி வைத்த ஸ்கிரிப்ட், கட்டும் வேலையை ஓட்டுகிற அந்தக் கட்டளை வரிசை, தமிழில் பேசும். அதில் ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தார்கள். ஓட்டினால் முதலில் "யாரு?" என்று கேட்கும். ஏதாவது ஒரு பேரைத் தட்டினால், டெம்ப் என்கிற தற்காலிக இடத்தில் அந்தப் பேரில் ஒரு ஃபோல்டர் போட்டுக்கொண்டு, நடுவில் தேவைப்படுகிற துண்டு துணுக்குகளையெல்லாம் அதற்குள் வைத்துக் கட்டும். ஓட்டம் வெற்றியோ தோல்வியோ, கடைசியில் ஃபோல்டரை அழித்துவிட்டு, இன்னார் போயாச்சு என்று திரையில் போடும். ஆளுக்கொரு பேர் இருந்தால் ஒருத்தர் சாமானில் ஒருத்தர் கை வைக்க மாட்டார்கள் என்பது கவிஞரின் கணக்கு. அவரவர் என்ன பேர் வைத்துக்கொள்கிறார்கள் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. முடிந்ததும் அழிந்துவிடுவதால் டெம்ப் எப்போதும் துடைத்த மாதிரி இருக்கும்.

அவள் வந்த முதல் நாள் "யாரு?" என்று கேட்டதற்கு என்ன தட்டுவது என்று தெரியாமல் "பாப்பா" என்று தட்டினாள். வீட்டில் இரண்டு அண்ணன்களும் இன்று வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற மகன் இருக்கிறான், அவன் முன்னாலேயே "பாப்பா, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று பெரியண்ணன் கேட்பார், பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். அலுவலகத்தில் இது தெரிந்தால் மானம் போய்விடும். ஆனால் இந்தக் கேள்வியை இயந்திரம் தனியாகக் கேட்டது, அவளும் தனியாகப் பதில் சொன்னாள். தினமும் வேலை முடிகிறபோது திரையில் "பாப்பா போயாச்சு" என்று வரும். அவளுக்கு அது எழுந்து போய் டீ குடிக்கலாம் என்பதற்கு அடையாளம்.

டெம்ப்பைத் திறந்து பார்த்தாள். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தது. பேர், பாப்பா.

முற்பகலில் தன்னுடையது அழிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். இது சற்று முன்னால்தான் உண்டாகியிருக்கிறது, அவள் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில். திறந்தாள். உள்ளே இருந்த துண்டுகள் பாதி தெரிந்தவை, பாதி தெரியாதவை. பள்ளிக்கூட வாகனங்களுக்காகச் செய்கிற இன்னொரு வேலையின் துண்டுகள் அவை. அதற்கும் இதற்கும் அடிப்படை மூலநிரல் ஒன்றுதான், ஒலி எழுப்புகிற பாகத்துக்கும் பேர் ஒன்றுதான். ஆனால் பள்ளி வாகனத்தில் ஓட்டுநர் திடுக்கிடக் கூடாது என்று அந்தப் பாகத்தை ஊமையாக்கி வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு புரிய வேண்டியதெல்லாம் கடகடவென்று புரிந்தது. கட்டுகிற கருவி ஒரு சோம்பேறி. பொதுச் சமையலறையில் யாரோ நறுக்கி மூடி வைத்த காய்கறியைப் பார்த்து, நம் வேலை மிச்சம் என்று அப்படியே குழம்பில் போடுகிற ஆள் மாதிரி, ஃபோல்டரில் அந்தப் பேரில் ஒரு துண்டு தயாராக இருந்தால் அது புதுசாகச் செய்யாது. இத்தனை நாளும் அந்த அந்நியத் துண்டுகள் அவளுடையதோடு பொருந்தாமல் முறைத்துக்கொண்டு நின்றன, அதனால் முதல் ஓட்டம் விழுந்தது. விழுந்தாலும் கடைசியில் ஃபோல்டர் அழிந்துவிடுவதால் இரண்டாவது ஓட்டம் சுத்தமாக நடந்தது. நேற்றோ இன்றோ யாரோ எதையோ திருத்த, ஊமைத் துண்டு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆம்புலன்ஸ் அறைக்கு அவள் அனுப்பியது பள்ளி வாகனத்தின் ஊமை மணியை.

யார் அந்த இன்னொரு பாப்பா? எல்லாரும் ஒரே கணக்கு என்பதால் இயந்திரத்தைக் கேட்டுப் பிரயோசனமில்லை. அறையைப் பார்த்தாள். நீள மேசை, திரைக்குப் பின்னால் குனிந்த தலைகள், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். நேரம் போய்க்கொண்டிருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் நடக்காது. எழுந்து நின்று பொதுவாகச் சொன்னாள்.

"டெம்ப்ல பாப்பான்னு ஒண்ணு கிடக்கு. யாரோடது? வேணாம்னா பாப்பாவை அழிச்சுடறேன்."

சோதனை பார்க்கிறவர் எதிர்பார்த்தபடியே, சத்தம் போடாதீங்க, பாப்பா தூங்குது என்று ஏதோ சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். கடைசி இருக்கையில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதிய சத்தம் கேட்டது.

"அழிக்காதே."

பெரியவர் எழுந்து நின்றிருந்தார். வயசைவிட நரையால் வந்த பேர் அது. இந்த அலுவலகத்தில் அதிகம் பேசாதவர், அதிகம் தப்புச் செய்யாதவர், நல்ல நேரம் கெட்ட நேரம் என்று யாராவது ஆரம்பித்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவர். அவர் முகத்தில் இப்போது இரத்தமே இல்லை. சிரித்த இரண்டு பேரும் அவரவர் திரைக்குத் திரும்பிக்கொண்டார்கள். அவள் அருகில் போய், மெதுவான குரலில், கொஞ்சம் வெளியே வாங்க சார் என்றாள்.

மாடிப்படி வளைகிற இடத்தில் ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. அவர் உட்காரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவசர அவசரமாக மணி விஷயத்தைச் சொன்னாள். அந்த ஃபோல்டர் அவருடையதா, அதற்குள் இருப்பது பள்ளி வாகன வேலையா என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஆனால் அவர் கவனம் முழுக்க வேறெங்கோ இருந்தது. அவள் சொல்லி முடிப்பதற்குக் காத்திருந்தவர் போல, "அது எம் பொண்ணு" என்றார்.

மகளுக்குக் கல்யாண வயசு தாண்டியாகிவிட்டது, இருந்தாலும் அவருக்கும் மனைவிக்கும் அவள் பாப்பாதான். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தில் அறுவை செய்திருக்கிறார்கள். அறுவை நன்றாகத்தான் முடிந்தது. அதற்குப் பிறகு காய்ச்சல் பிடித்துக்கொண்டது. விடுகிறது, வருகிறது, விடுகிறது, வருகிறது. மனைவி அங்கேயே இருக்கிறார். இவருக்கு லீவு தீர்ந்துவிட்டது. சனி ஞாயிறு ஓடிப்போய்விட்டு வந்துவிடுகிறார். இதையெல்லாம் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தினமும் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், தினமும் பதில் சொல்ல வேண்டும்.

"அறுவை நடந்த அன்னிக்கு இங்கதான் உக்காந்திருந்தேன். வேலை ஓடுது. முடிஞ்சதும் திரையில வருது, பாப்பா போயாச்சுன்னு. என் கண்ணு முன்னாடி. எத்தனையோ வருஷமா தினமும் பாத்த வரிதான்மா."

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். தினம் தினம் டீ குடிக்கக் கூப்பிட்ட அதே இரண்டு சொற்கள்.

"அந்த வரியை என் ஸ்கிரிப்ட்லேர்ந்து எடுத்துட்டேன்."

"வரியையா? முழுசாவா?" என்றாள் அவள். அழிக்கிற கட்டளையும் போயாச்சு என்று சொல்கிற சொல்லும் ஒரே வரியில் இருப்பது அவளுக்குத் தெரியும். கவிஞர் சிக்கனக்காரர். "அந்தச் சொல்லை மட்டும் எடுத்திருக்கலாமே சார்?"

"படிச்சுப் பாத்து எடுக்கற நெலமையில நான் இல்லைம்மா."

அதனால் அன்றிலிருந்து அவருடைய ஃபோல்டர் அழியாமல் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். விட்டதோடு இல்லை, காலையில் வந்ததும் முதல் வேலையாக டெம்ப்பைத் திறந்து பாப்பா இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். இருந்தால் மூச்சு வரும். ஆனால் அது இருப்பதில்லை. அவர் அழிக்கவில்லை, வேறு யாருக்கும் அந்தப் பேர் தெரியாது, ஆனாலும் மறுநாள் காலையில் போய்விட்டிருக்கும். முதல் தடவை காணாமல் போன அன்றைக்குத்தான் காய்ச்சல் வந்ததாக மனைவி போன் செய்தார். அதற்குப் பிறகு அவர் மனுஷனாக இல்லை. காணாமல் போகப் போக மறுபடி கட்டி வைத்தார். சாப்பிடப் போய்விட்டு வந்து பார்ப்பார், போயிருக்கும், மறுபடி கட்டுவார். இன்றைக்கும் அப்படித்தான். வேலைக்காகக் கட்டவில்லை. அந்தப் பேரில் ஒன்று அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய.

இனி அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் முடியாது.

"சார், என்னையும் எங்க வீட்ல பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"நானும் அந்தப் பேர்லதான் கட்டறேன். என் ஸ்கிரிப்ட்ல அந்த வரி அப்படியே இருக்கு. தினமும் அதை அழிச்சது நான்தான் சார்."

அடி விழுந்தாலும் விழட்டும் என்பது போல அவள் நின்றாள். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பதறிக் குனிந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது, எது முந்தியது என்று சொல்ல முடியவில்லை.

"நீதானா," என்றார். "மூணு வாரமா செத்துச் செத்துப் பொழைச்சேன்மா. நீதானா அது."

அவளுக்கும் அழுகை முட்டியது. ஆனால் அழ நேரமில்லை. கீழே தெருவில் பள்ளி விட்ட சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கும் அப்போதுதான் மற்ற விஷயம் உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. ஆம்புலன்ஸ் அறையில் மணியை நிறுத்தியது நான்தான், இல்லையா என்றார். மேலாளரிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, போய்ச் சொல்லட்டும் என்று அவள் மனசு சொன்னது. சொன்னால் ஒப்பந்தம் பிழைக்கும். அப்புறம் தினம் தினம் விழுந்த முதல் ஓட்டங்கள் ஞாபகம் வந்தன. அவற்றில் ஒன்றையாவது நின்று பார்த்திருந்தால் இது எப்போதோ தெரிந்திருக்கும்.

"முதல்ல மணி அடிக்கட்டும் சார்," என்றாள். "அப்புறம் ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவோம்."

இருக்கைக்கு வந்ததும் அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபோல்டரின் பேரைப் பற்றி ஒரு தகராறு. நான் வேறே பேர் வைத்துக்கொள்கிறேன், உங்களுடையது இருக்கட்டும் என்றாள் அவள். வேண்டாம், உன்னுடையது உன்னிடமே இருக்கட்டும், இத்தனை நாள் நான்தான் குறுக்கே வந்தேன் என்றார் அவர். பஸ்ஸில் சீட்டுக்கு மரியாதை காட்டிக்கொண்டு இரண்டு பேரும் நிற்பது போல ஆயிற்று. கடைசியில் அவளே முடிவு செய்தாள். பேரோடு நாள், நேரம், ஒரு சீட்டுக் குலுக்கிய எண் எல்லாவற்றையும் ஸ்கிரிப்டே சேர்த்துக்கொள்ளட்டும், உலகத்தில் எத்தனை பாப்பா இருந்தாலும் மோதாது. இதைக் கவிஞர் முதலிலேயே செய்திருக்கலாம். மூன்று வரி வேலை. இரண்டு பேருடைய பிரதியிலும் அதைச் செய்துவிட்டு, அந்தக் கடைசி வரிக்கு வந்தாள்.

"அழிக்கறதை வச்சுத்தான் ஆகணும் சார். சொல்லை மாத்திடறேன்."

என்ன போடுவது என்பதில் மாட்டிக்கொண்டார்கள். "முடிஞ்சது" என்று தட்டினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே அழித்தாள். தீர்ந்தது, அதைவிட மோசம். காலி, சொல்லவே வேண்டாம். ஆச்சு என்பதும் சந்தேகமாக இருந்தது. ஒரு வேலை நிறைவேறியதைச் சொல்ல இத்தனை சொல் இருந்தும், ஒவ்வொன்றையும் யாராவது யாருடைய வீட்டிலாவது தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார்கள். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே வண்டி தப்பான வாசலில் நிற்கிறது, இங்கே இரண்டு பொறியாளர்கள் ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்க அவளுக்கு எரிச்சலாகவும் சிரிப்பாகவும் வந்தது.

"போயிட்டு வரேன்னு போடட்டுமா?"

அவர் தலையை அசைத்து மறுத்தார். "எங்கயும் போக வேணாம்மா," என்றார்.

"சரி" என்று மட்டும் போட்டாள். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

பழைய ஃபோல்டரை அவரேதான் அழித்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, கடைசி விசையில் விரலை வைத்துக்கொண்டு திரையில் அந்தப் பேரை ஒரு தடவை படித்தார். அப்புறம் அழுத்தினார். அவள் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பில்ட் ஓடியது. இந்தத் தடவை சீக்கிரம் முடியவில்லை. வரிகள் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தன, ஒவ்வொரு துண்டாக, ஒன்றையும் விடாமல். ஒலிப் பாகத்தின் பேர் கடந்து போனபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். மேலாளர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டாவது தடவை "மன்னிக்கவும், தொந்தரவு செய்கிறேன்" என்று ஆரம்பித்தார். பெரியவருடைய போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. மனைவி வழக்கமாகக் கூப்பிடுகிற வேளை தாண்டிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் போனை அவர் பார்க்காமல் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. கடைசியில் திரையில் "சரி" என்று வந்தது.

அழைப்பு அறைக்கு அனுப்பிவிட்டு, அங்கே போன் போட்டாள். எடுத்தவள் அந்த முதல் மேசைக்காரியே. தொண்டை கட்டின குரல். வந்துவிட்டது, ஏற்றுகிறேன் என்றாள், ஏற்றிவிட்டேன் என்றாள். வீட்டு எண் சரியாக வருகிறதாம். மணியைச் சோதிக்க ஒரு பொய் அழைப்பு போட முடியுமா என்று இவள் கேட்டாள். அதற்கு வேறு பிரிவில் அனுமதி வாங்க வேண்டும், அந்த ஆள் இடத்தில் இல்லை என்று பதில் வந்தது.

"அதுக்கென்ன மேடம், கொஞ்ச நேரத்துல நிஜமாவே ஒண்ணு வரும். எப்பவும் வந்துட்டுதானே இருக்கு. போனை இங்கயே வச்சிருக்கேன், நீங்களே கேளுங்க."

தன்னுடைய போனை அந்தப் பெண் கணினிப் பக்கத்தில் வைத்த சத்தம் கேட்டது. இவள் ஒலிபெருக்கியை அழுத்தி மேசை நடுவில் வைத்தாள். இரண்டு பேரும் அதன்மேல் குனிந்தார்கள். அந்த அறையின் சத்தமெல்லாம் வந்தது: ஒரு நாற்காலியின் கிறீச், யாரோ இருமுவது, காகிதம் திருப்புவது, தூரத்தில் வேறு ஒரு மேசையின் மணி. அது பழைய பேக்கேஜின் மணி, கணக்கில் சேராது. இவர்களுடைய மேசை சும்மா இருந்தது.

அடி, அடி என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை. வேண்டிக்கொண்டிருக்கும்போதே எதை வேண்டுகிறோம் என்பது உறைத்தது. அது அடிக்க வேண்டுமென்றால் எங்கேயோ ஒருத்தர் விழ வேண்டும். பெரியவரைப் பார்த்தாள். அவருக்கும் அதே நினைப்புத்தான் ஓடியதோ என்னவோ, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. தன் போனில் ஆஸ்பத்திரியிலிருந்து மணி அடித்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டு, இன்னொரு போனில் மணி அடிக்கக் காத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அடிக்காமலே இருந்துவிட்டால் நல்லது என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் ஷிப்ட் மாறும் நேரம் ஞாபகம் வந்தது.

மணி அடித்தது.

பழைய மாதிரி கரகரப்பான, யாருக்கும் பிடிக்காத மணி. ஒலிபெருக்கியில் இன்னும் கரடுமுரடாகக் கேட்டது. இங்கே அலுவலகத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். இரண்டாவது தடவை அடிப்பதற்குள் அந்தத் தொண்டை கட்டின குரல் எடுத்துவிட்டது. இவர்களோடு பேசிய குரலே இல்லை அது. நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"சொல்லுங்க. கேக்குது. யாருக்கு என்ன ஆச்சு?"

இணைப்பைத் துண்டிக்க வேண்டும், அடுத்தவர் வீட்டுத் துன்பத்தைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். விரலை நீட்டினாள். மேசைமேல் குனிந்தபடியே, அந்தச் சின்னக் கருவிக்கு ஒரு சாண் தூரத்தில், தன்னைத்தான் கேட்டது போல, பெரியவர் பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தார்.